துள்ளிய புள்ளி

அலுவலகத்தில் அவளை நேரில் மேப் மேடம் என்பார்கள். அவள் எழுந்து வெளியே போனதும் உளவுத்துறை என்பார்கள். இரண்டாவது பெயரும் அவள் காதுக்கு எட்டித்தான் இருந்தது. அதை முதலில் வைத்தது யார் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சந்தேகப் பட்டியலில் நாலு பேர் இருந்தார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பை அணைத்தோமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது உலக வழக்கம். கணவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அணைந்திருக்கிறது என்று சொன்னால், அவன் நிஜமாகவே அடுப்பறை வரைக்கும் போனானா என்று பார்ப்பது அவள் வழக்கம். "என் மருமக பால்ல தண்ணியைத் தேடுவா, தண்ணியில பாலைத் தேடுவா" என்று மாமியார் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

ஆனால் அவள் பார்த்த வேலைக்கு அந்தக் குணம் நன்றாகவே பொருந்தியது. குடிநீர்ப் பரிசோதனை அலுவலகம் அது. நகரத்தில் ஜனங்கள் குடிக்கிற ஆழ்துளைக் கிணறுகள் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. மாதம் ஒரு தடவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குப்பித் தண்ணீர் ஆய்வகத்துக்கு வரும். குடிக்கலாம் என்றால் வரைபடத்தில் அந்தக் கிணற்றுக்குப் பச்சைப் புள்ளி, கூடாது என்றால் சிவப்பு. வரைபடம் இணையத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் போனில் திறந்து தங்கள் கிணறு என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ளலாம். மேலே இரண்டு பொத்தான்கள்: சென்ற ஆண்டு, இந்த ஆண்டு. ஒன்றை அழுத்தினால் ஒரு கூட்டம் புள்ளிகள் வரும். மற்றதை அழுத்தினால் அவை போய் இன்னொரு கூட்டம் வந்து உட்காரும்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் ஊர்வம்பு பேசுவார்கள். அவள் அந்த இரண்டு பொத்தான்களையும் மாற்றி மாற்றி அழுத்துவாள். வேகமாக, டக் டக் என்று. அப்படி அழுத்தும்போது மாறாத புள்ளிகள் அசையாமல் நிற்கும். நிறம் மாறிய புள்ளி மட்டும் கண் சிமிட்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு வரியையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் ஆகும். இதற்கு அரை நிமிடம் போதும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவள் யாருக்கும் சொல்லித் தரவும் இல்லை. சொல்லித் தந்தால் தப்பு செய்கிறவன் உஷாராகிவிடுவான் இல்லையா?

ஆண்டு முடிய ஒரு மாதம் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை, எண்பத்தேழாம் எண் புள்ளி கண் சிமிட்டவில்லை. துள்ளியது.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். சென்ற ஆண்டு: சிவப்பு, பெண்கள் விடுதியின் பின்புறம். இந்த ஆண்டு: பச்சை, மதில் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து லாண்ட்ரியின் கொல்லையில். அளந்து பார்த்தாள். நாற்பது மீட்டர். இத்தனை மாதம் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், இடம் மாறியதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள். தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் அரை நிமிடம்கூட அவள் மேல் தங்கவில்லை, நேராகக் குப்பி அண்ணன் மேல் போய் விழுந்தது.

குப்பி அண்ணன்தான் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறவர். வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி, அதற்குள் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். கிருமி சாகக் குழாய் வாயை நெருப்பில் வாட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, குப்பியின் கழுத்துக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் பிடிப்பார். அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாத ஆளை நம்பலாம் என்று உலகம் சொல்கிறது. அதிகம் பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கட்சி.

குப்பி பிடித்ததும் அவர் போனில் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். எங்கே நின்று பிடித்தார் என்பது அதில் பதிவாகிவிடும். பதினோரு மாதப் பதிவையும் அவள் திறந்தாள். பதினோரு மாதமும் எண்பத்தேழுக்கு அவர் நின்ற இடம் லாண்ட்ரிக் கொல்லை. ஒரு தடவைகூட விடுதிக்குள் கால் வைக்கவில்லை.

இதற்குமேல் என்ன வேண்டும்? சிவப்பான கிணற்றைச் சரி செய்வதைவிட, மதில் தாண்டிப் போய் லாண்ட்ரிக் கிணற்றில் நல்ல தண்ணீர் பிடித்து வருவது சுலபம். விடுதி முதலாளி பெரிய கை, சிவப்புப் புள்ளி இருந்தால் அறைக்கு ஆள் வராது. ஆளைப் பிடித்திருக்கிறார். புள்ளி எப்படி நகர்ந்தது என்பதற்கும் அவளிடம் விடை இருந்தது. குப்பிக்காரர் நிற்கிற இடத்துக்குப் புள்ளி தானாகவே நகர்ந்துகொள்ளும் என்று வெப்சைட்டை அமைத்துக் கொடுத்தவர் ஆரம்பத்தில் சொல்லியிருந்தார். ஆள் போன வழியில் புள்ளியும் போயிருக்கிறது. தவளை தன் வாயால் கெட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். அவன் பல்செட் செய்கிறவன். முன்னறைதான் பட்டறை, மேஜை முழுக்க யார் யாருடைய சிரிப்போ வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

"குப்பி அண்ணனா? போன மாசம்தானே அவருக்கு மேல்செட் செஞ்சு குடுத்தேன்" என்றான் அவன், ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டே.

"போன மாசமா? திடீர்னு எதுக்கு அவருக்குப் புதுப் பல்லு?"

"பழைய பல்லு விழுந்துடுச்சு. பல்லு விழுந்தா புதுப் பல்லு கட்டுவாங்க. இதுல என்னடி திடீர்?"

"யார் குடுத்தாங்க அதுக்கு?"

"மருமகன் கூட்டிட்டு வந்தார். ஏன், மருமகனையும் விசாரிக்கணுமா?" அவன் ராவுவதை நிறுத்தினான். "நீ ஒரு தடவை அவர்கிட்ட நேரா கேட்டுப் பாரேன். இத்தனை வருஷமா ஒரே ஆபீஸ்ல இருக்கீங்க."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாரா?"

"கேக்காம எப்படித் தெரியும்?"

அவள் எழுந்து உள்ளே போனாள். நெருப்பில்லாமல் புகையாது என்பது அவளுக்குப் பாடம். புகையைப் பார்த்தவள் அடுப்பிடம் போய் நீ எரிகிறாயா என்று கேட்டுக்கொண்டு நிற்பாளா?

மறுநாள் காலை அறிக்கை அதிகாரியின் மேஜையில் இருந்தது. இரண்டு படம், பதினோரு பதிவு, கடைசியில் ஒரு வரி: திட்டமிட்ட மோசடி என்று கருத இடமுண்டு. அதிகாரி படித்தார், குப்பி அண்ணனைக் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்ததால் அவளுக்கு எல்லாம் கேட்டது.

"எண்பத்தேழுக்கு ஏன் லாண்ட்ரிக்குப் போனீங்க?"

"மேப்பு அங்கதான் காட்டுச்சு சார்."

"நீங்க நின்ன இடத்தைத்தான்யா மேப்பு காட்டும்."

"இல்ல சார். மேப்பு காட்டின இடத்துலதான் நான் நின்னேன்."

அதற்குமேல் சொல்லவிடாமல் அதிகாரி கையை உயர்த்தினார். வண்டிச் சாவியையும் ஐஸ் பெட்டியையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், கேஸும் வரும். குப்பி அண்ணன் அவள் மேஜையைத் தாண்டி நடந்து போனபோது அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் புதுப் பல்லை நாக்கால் ஒருமுறை தள்ளிச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். மடியில் கனம், அதுதான் வாய் அடைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

ஆனாலும் அந்தப் பதில் அவளை அரித்தது. மேப்பு காட்டின இடத்தில் நான் நின்றேன். ஆள் முன்னாலா, புள்ளி முன்னாலா? விசாரணையில் இதையே பிடித்துக்கொண்டு அவர் தப்பிவிட்டால்? அந்த ஓட்டையை அடைக்கவேண்டும் என்றுதான் புதன்கிழமை வெப்சைட்காரருக்குப் போன் போட்டாள். அவர் வேறு ஊரில் இருந்தார். எப்போது கூப்பிட்டாலும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார்.

"எண்பத்தேழாம் புள்ளி தானா நகர்ந்துச்சுன்னு ஒரு லெட்டர் வேணும் சார், உங்க கையெழுத்தோட."

"தானாவா? தானா எப்படிம்மா நகரும்?"

"ஆள் நிக்கிற இடத்துக்கு நகரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"செய்யலாம்னு சொன்னேன். அதுக்கு உங்க ஆபீஸ்ல அனுமதியே குடுக்கலையேம்மா. அது செய்யவே இல்ல. யாராவது உள்ள போய்க் கையால இழுத்தாதான் புள்ளி நகரும்."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சதி அவள் நினைத்ததைவிடப் பெரியது. அலுவலகத்துக்கு உள்ளேயே யாரோ கூட்டு.

"யார் இழுத்தாங்கன்னு பாக்க முடியுமா சார்?"

"பாக்கலாமே. இருங்க." மெல்லுகிற சத்தம் நின்றது. "உங்க பேர்லதான்மா இருக்கு."

"என் பேரிலயா?"

"உங்க லாகின். மேப் மேடம்னு நீங்க வெச்சுக்கிட்டதுதானே?"

இதைக் கேட்ட நிமிடத்தில் அவள் மனசு ஓடிய ஓட்டத்தைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்பதுதான் அவள் முதல் நினைப்பு. அடுத்த மேஜைத் தட்டச்சுக்காரி, தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிற சாக்கில் எத்தனை தடவை திரையை எட்டிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் கணவன், வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டு எத்தனை நாள் குளிக்கப் போயிருக்கிறாள், அவனுக்குக் குப்பி அண்ணன் வாடிக்கை வேறு. அப்புறம் இந்த வெப்சைட்காரர்தான், மென்று மென்று பேசுகிறவரை எப்படி நம்புவது. இப்படி ஊரில் ஒருவர் விடாமல் கூண்டில் ஏற்றி இறக்கினாள். அந்தக் கூண்டில் ஏறாத ஆள் ஒருத்திதான் பாக்கி.

"தேதி என்ன சார்?"

அவர் தேதியைச் சொன்னார். நேரத்தையும் சொன்னார். ஆண்டின் முதல் வாரம், சாயங்காலம் ஐந்து பத்து.

அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். அது வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்ததற்கு முந்தின நாள். அதிகாரி பெரிய திரையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். விடுதிக்கு இந்தப் பக்கம் ஒரு அச்சகம். அச்சகத்துக் கிணறு எண்பத்தாறு, விடுதிக் கிணறு எண்பத்தேழு. இரண்டும் சுவரை ஒட்டியே இருந்ததால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அதிகாரி எண்பத்தேழைத் தொட்டால் எண்பத்தாறு திறந்தது. மூன்று தடவை தொட்டார், மூன்று தடவையும் அச்சகம்தான். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் இப்படி மானம் போகணுமா?" என்று சீறினார். அவள்தான் போய், புதிதாக நகல் எடுத்து வைத்திருந்த இந்த ஆண்டுக் கூட்டத்தில், எண்பத்தேழைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கட்டைவிரல் அகலம். பார்வைக்கு எடுப்பாக இருந்தது, அதிகாரியும் நல்லது என்றார். திரையில் கட்டைவிரல் அகலம் தரையில் நாற்பது மீட்டர் என்று அப்போது அவள் நினைக்கவே இல்லை. திறப்பு முடிந்ததும் திரும்ப இழுத்து வைத்துவிடலாம் என்று மட்டும் நினைத்தாள். அதையும் மறந்தாள்.

"ஹலோ, இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்."

"இந்தப் பழைய பதிவெல்லாம் சனிக்கிழமை வந்தா அழிச்சிடுவோம். உங்களுக்கு வேணும்னா வெச்சிருக்கேன். வேணாம்னா இப்பவே அழிச்சாலும் சரிதான்."

அவர் ஒன்றும் நினைக்காமல்தான் கேட்டார். அவள்தான் போனைக் காதில் வைத்தபடி திரையைப் பார்த்தாள். பதிவு போய்விட்டால், புள்ளியைத் திரும்ப இழுத்தும் வைத்துவிட்டால், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. பதினோரு மாதமாக லாண்ட்ரியில் நின்றது அவர்தானே, அவள் இல்லையே. இந்த நினைப்பு தனக்கு வந்ததை அவள் பார்த்தாள். வேறு யாருக்காவது வந்திருந்தால் எவ்வளவு சரியாக மோப்பம் பிடித்திருப்பாள்!

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. குப்பி அண்ணன் கைக்கு எட்டின குழாயில் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று ஆண்டின் தொடக்கத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் ஒன்றும் கிடையாது, சும்மா சந்தேகம்தான். அவள் எழுதிக் கொடுத்துத்தான் சுற்றறிக்கை வந்தது: வரைபடம் காட்டும் இடத்தில் மட்டுமே நீர் எடுக்க வேண்டும், சொந்தக் கணிப்பு கூடாது. அந்த மாதமே அவர் போன் செய்திருந்தார். அன்றைக்கு அவர் பேசியது இப்போது வார்த்தை பிசகாமல் காதில் விழுந்தது.

"மேடம், எண்பத்தேழு எடம் மாறிக் காட்டுது. நான் லாண்ட்ரியில நிக்கிறேன். கிணறு ஆஸ்டல்ல இருக்கு."

"அண்ணே, மேப் தப்பா காட்டாது. சுற்றறிக்கையைப் படிச்சீங்கள்ல? காட்டுற எடத்துல எடுங்க."

"சரி மேடம்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, புது விதி வந்ததும் சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று தட்டச்சுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

"சார்," என்றாள் வெப்சைட்காரரிடம், "பதிவை அழிக்காதீங்க. எனக்கு அனுப்புங்க. முழுசா."

வீட்டில் அன்று அவள் எதையும் சரிபார்க்கவில்லை. கதவு பூட்டியிருக்கிறதா, பாலில் தண்ணீரா, ஒன்றும் கேட்கவில்லை. மாமியார் பயந்துபோய் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கணவனிடம் நடந்ததைச் சொன்னாள், அவன் மேல் சந்தேகப்பட்டதையும் விடாமல்.

அவன் கையிலிருந்த பல்செட்டை மேஜையில் வைத்தான். "என் மேலயுமா?" என்றான். கிண்டல் செய்வான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. பதினாறு வருஷத்தில் அவன் அப்படி ஆனதை அவள் பார்த்ததில்லை.

விசாரணை வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலை அதிகாரி வந்து உட்காரும் முன்பே பதிவை அவர் மேஜையில் வைத்து, ஒத்திகை நாளிலிருந்து போன் பேசியது வரைக்கும் நின்றுகொண்டே சொன்னாள். அதிகாரிக்குத் தன் சீறலும் ஞாபகம் வந்திருக்கவேண்டும், அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"இதை எப்படிம்மா எழுதறது?" என்றார்.

"நடந்தபடி எழுதுங்க சார். புள்ளியை நகர்த்தினது நான். அவர் சொன்னதைக் கேக்காதவளும் நான்."

பத்து மணிக்குக் குப்பி அண்ணனை வரவழைத்துச் சாவியையும் பெட்டியையும் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்குச் சரி என்று அர்த்தமா, போ என்று அர்த்தமா தெரியவில்லை. "எண்பத்தேழுக்கு இன்னைக்கே போகணும். பதினோரு மாசம் ஆச்சு" என்றார். அவளையும் கூடப் போய்ப் பார்த்துவரச் சொன்னார் அதிகாரி.

விடுதி வார்டன் கையில் போனோடுதான் வந்தாள். கிணறு சிவப்பாக இருந்தவரைக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்களாம். "பச்சை ஆனதும் நிறுத்திட்டோம். உங்க மேப்புலதான் பார்த்தேன்" என்றாள். "ஆனா நடுவுல நாலஞ்சு பொண்ணுங்களுக்கு வயித்துப்போக்கு. ஒருத்தியை ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு. வெளியில சாப்பிட்டிருப்பாங்கன்னு நான்தான் அவங்களைத் திட்டினேன்."

"இனிமே கொதிக்க வெச்சுக் குடிங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னாள். "அந்தப் பச்சை தப்பும்மா. நான் வெச்ச தப்பு. பொண்ணுங்களைத் திட்டாதீங்க."

கிணற்றடி விடுதியின் பின்புறம், துணிக்கொடிக்குக் கீழே இருந்தது. குப்பி அண்ணன் குனிந்து குழாய் வாயை வாட்டினார். தண்ணீரை ஓடவிட்டார், கடிகாரத்தைப் பார்த்து முழுசாக இரண்டு நிமிடம். ஒரு விரல் விட்டுப் பிடித்து மூடினார். அவர் ஒரு கையில் நெருப்புக்குழல், இன்னொரு கையில் பேனா, கக்கத்தில் குப்பி. உதவலாம் என்று அவள் கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணே, பெட்டியில நான் வெச்சிடறேன்."

அவர் குப்பியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் மேடம்" என்றார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "இது உங்க கைக்கு வந்து, அப்புறம் ஆய்வகத்துக்குப் போனா, இதே தண்ணிதான் போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. நான் அப்படிச் செய்வேனா என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அப்படிக் கேட்கிற உரிமையை அவள் அவருக்கு ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். அவர் குப்பியின் மேல் எண் எழுதி, தேதி எழுதி, பெட்டியில் வைத்து, பெட்டியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவளை ஏறச் சொல்லவில்லை. அவள் அலுவலகம் வரைக்கும் நடந்தே வந்தாள்.